அம்மனும் வளமையும்: எல்லையூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் எங்கள் பக்கம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று ஊர்கள். ஆட்சி கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். மாரியம்மனுக்குப் பூச்சாட்டு நடத்துகிறவர்கள்தான் அடுத்த வாரம் பகவதிக்கும் நெய்விளக்கு வைப்பார்கள். நான் இங்கே தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்த்தவள். நோம்பி (ஊர்த் திருவிழா) சமயத்தில் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வந்தால் பேச்சு அம்மனில் தொடங்கி எகிப்து வரை போகும். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டீச்சர், வளமைத் தெய்வம் என்றால் பிள்ளை வரம் தரும் தெய்வம்தானே?

அதுவும் ஒன்று, ஆனால் அது மட்டும் என்று நினைத்தால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். மாரி என்ற சொல்லுக்கே மழை என்று பொருள். நம் ஊர் கேரளத்தில் மழை குறைந்த பக்கம். இங்கே அம்மனிடம் முதலில் கேட்கப்படுவது தண்ணீர். பிறகு விதை முளைக்க வேண்டும், மாடு ஈன வேண்டும், அம்மை போட்ட உடம்பு குளிர வேண்டும். பிள்ளை இந்த வரிசையில் ஒன்று.

இன்னொன்றையும் பாருங்கள். மாரியம்மன் மடியில் குழந்தை இருப்பதில்லை. பார்வதியின் இரண்டு பிள்ளைகளும் அவள் வயிற்றில் வளர்ந்தவர்கள் இல்லை. ஒருவன் அவள் பூசிய மஞ்சளில் பிடித்து வைத்தவன், இன்னொருவன் நெற்றிப்பொறியில் வந்து சரவணப் பொய்கையில் வளர்ந்தவன். அப்படியிருந்தும் ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளையல் அடுக்கி வளைகாப்புப் போடுகிறோம். பிரசவம் பார்க்காதவளை உலகத்துக்கே தாய் என்று சொல்கிற மனசு நம் மரபுக்கு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முளைப்பாரி எதற்காக? அதை ஏன் இருட்டறையில் வளர்க்கிறார்கள்?

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, முளைப்பாரி போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மண்சட்டியில் எருவும் செம்மண்ணும் பரப்பி, முதல் நாளே ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துவிடுவார். காலையும் மாலையும் குளித்த ஈரத்தோடு போய்த் தண்ணீர் தெளிப்பார். எங்களை எட்டிப் பார்க்க விடமாட்டார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ கதவைத் திறந்தால் முழங்கை உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக நிற்கும். வெயில் படாத பயிரில் பச்சையம் உண்டாகாது, வெளிச்சத்தைத் தேடி வேகமாக நீளும். காரணம் அவ்வளவுதான். ஆனால் கருப்பை மாதிரி இருட்டான ஓர் அறையிலிருந்து மஞ்சள் பூசிய பெண்ணைப் போல அந்தப் பயிர் வெளியே வருகிற காட்சியை நேரில் பார்த்தவர்களுக்குக் காரணம் பெரிதாகத் தோன்றாது.

இதில் விவசாயியின் கணக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். விதைப்புக்கு முன் எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது, எது பூச்சி அரித்தது என்பது ஊர் அறிய வெளிப்பட்டுவிடும்.

வழக்கம் மிகப் பழையது. கண்ணகியின் கல்யாணத்தைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் "விரிந்த பாலிகை முளைக்குட நிரையினர்" என்று பெண்களை வரிசையாக நிறுத்துகிறது. பாலிகை என்பது இதே முளைச்சட்டிதான்.

உலகத்தில் மற்றவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. எகிப்தில் ஒசைரிஸ் என்ற தெய்வம் செத்து மீண்டவர். அவர் உருவத்தில் மரச்சட்டம் செய்து, உள்ளே நைல் வண்டல் நிரப்பி, தானியம் விதைத்து முளைக்க விட்டுக் கல்லறையில் வைப்பார்கள். 1922இல் திறந்த துட்டன்காமன் கல்லறையிலும் அப்படி ஒன்று இருந்தது. ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் உடைந்த பானைகளில் கீரையும் சோம்பும் விதைத்துக் கோடையில் வீட்டுக் கூரைமேல் வைத்தார்கள். கிரேக்கக் காதல் தெய்வம் அப்ரோடைட்டி காதலித்துப் பறிகொடுத்த அடோனிஸ் என்ற இளைஞனுக்காக. பயிர் சட்டென்று முளைத்து வெயிலில் வாடியதும் ஒப்பாரி வைத்து நீரில் போட்டார்கள். அக்கறையுள்ள விவசாயி எட்டு நாளில் வளர்ந்து நிற்கும் தோட்டத்தில் நல்ல விதையைப் போடுவானா என்று பிளேட்டோ கேட்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கூரைமேல் நின்ற பெண்களின் பக்கம்தான் நான். அந்தச் சட்டியிலிருந்து யாரும் சோறு எதிர்பார்க்கவில்லை. விதைத்தது முளைக்கும், முளைத்தது போகும், மறுபடி விதைக்கலாம் என்பதைக் கையால் செய்து பார்த்தார்கள். நாமும் அதைத்தான் செய்து ஆற்றில் விடுகிறோம்.

கம்பம் என்பது அம்மனின் புருஷன் என்கிறார்களே, உண்மையா?

ஆமாம், கொங்குப் பக்கத்திலும் நம் பக்கத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். பூச்சாட்டு முடிந்ததும் மூன்று கவையாகப் பிரியும் கிளையை வெட்டி வந்து அம்மனுக்கு நேர் எதிரே நடுவார்கள். பாலை, அத்தி, வேம்பு போன்ற மரங்கள். பால் வடியும் மரத்தை விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது, பால் என்றால் உயிர். கம்பம் நட்ட பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது.

தினமும் விடியற்காலையில் பெண்கள் ஈரச்சேலையோடு குடம் குடமாக மஞ்சள்தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். இரவில் அதே கம்பத்தைச் சுற்றி ஆண்கள் ஆடுவார்கள், உச்சியில் பூவோடு என்னும் தீச்சட்டி எரியும். பகலில் நீர், இரவில் நெருப்பு. கல்யாணமான புதிதில் தண்ணீர் ஊற்றும் பெண்ணின் வேண்டுதல் என்னவென்று பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

பொங்கல் முடிந்த இரவு கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுவார்கள். அம்மன் அந்த நிமிஷம் தனியாகிறாள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய வருத்தம். எட்டு நாள் குளிப்பாட்டிய மாப்பிள்ளையை எதற்கு எறிகிறார்கள் என்று அழுதிருக்கிறேன். மறுநாள் பார்த்தால் தெருவெல்லாம் மஞ்சள் நீராட்டு. முறைமாமன், முறைப்பெண் என்று ஒருவர் விடாமல் நனைவார்கள். மாப்பிள்ளை போகலாம், அடுத்த வருஷம் புதுக் கிளையில் வருவான். அம்மன் போவதில்லை. ஒசைரிஸ், அடோனிஸ், மெசொப்பொத்தேமியாவின் துமுசி என்று பழைய உலகம் முழுக்க இந்தக் கதை இருக்கிறது. தேவி நிற்பாள், துணை வந்துவந்து போகும். பருவத்துக்குப் பருவம் செத்துப் பிழைக்கிற பயிருக்குக் கொடுத்த முகம் அது.

உலகத்தின் மிகப் பழைய பெண் சிலைகள் எல்லாம் தாய்த்தெய்வங்களா?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் ஒரு பெண் உருவம் கிடைத்தது. யானையின் பழைய இனமான மாமூத்தின் தந்தத்தில் செய்தது, 6 செ.மீ. உயரம், வயது குறைந்தது 35,000 ஆண்டு. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வளையம், கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கலாம். ஆஸ்திரியாவில் வில்லண்டார்ஃப் ஊரில் 1908இல் கிடைத்த 11 செ.மீ. சுண்ணாம்புக்கல் பெண்ணுக்கு முகமே இல்லை. பெரிய மார்பு, பெரிய வயிறு, மேலே செங்காவி பூசிய தடம். செங்காவி என்று படித்ததும் எனக்கு நம் வேப்பமரத்தடிக் கல்லின் குங்குமம் ஞாபகம் வந்தது. ஆனால் அவர்கள் நினைத்ததும் நாம் நினைப்பதும் ஒன்று என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எழுத்து இல்லாத காலம், அவர்களாகச் சொல்லிவிட்டுப் போனது எதுவும் இல்லை.

துருக்கியில் சாத்தால்ஹூயூக் என்ற இடத்தில் 1961இல் கிடைத்த சுடுமண் பெண்தான் எனக்குப் பிடித்தவள். இரண்டு பக்கமும் சிறுத்தை போன்ற விலங்குகள், நடுவில் கனத்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறாள். வயது சுமார் 8,000 ஆண்டு. அவள் கிடைத்த இடம் ஒரு தானியக் குதிர்! இதை வைத்து அந்த ஊரையே தாய்த்தெய்வத்தின் ஊர் என்று எழுதினார்கள். 1993க்குப் பிறகு நடந்த நீண்ட அகழாய்வில், அங்கே கிடைத்த உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள் என்று தெரிந்தது. 2005இல் இன்னொரு உருவம் கிடைத்தது: முன்பக்கம் மார்பும் வயிறுமாகப் பெண், பின்பக்கம் திருப்பினால் எலும்புக்கூடு. பிறப்பையும் சாவையும் ஒரே மண் உருண்டையில் பிடித்து வைத்தவர்களை "வளமைச் சின்னம்" என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது.

சிந்துவெளியில்?

மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் சுடுமண் பெண் உருவங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. விசிறி போன்ற தலையலங்காரம், அதன் இரண்டு பக்கமும் கிண்ணம். சில கிண்ணங்களில் கரி படிந்திருப்பதால் விளக்கோ தூபமோ வைத்திருக்கலாம். ஹரப்பாவில் கிடைத்த ஒரு முத்திரையில் தலைகீழாக இருக்கும் பெண்ணின் அடிவயிற்றிலிருந்து ஒரு செடி கிளம்புகிறது. நிலமே பெண் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம்.

தலைக்குப் பதில் தாமரை வைத்து, காலை விரித்துக் கிடக்கும் சிலை ஒன்று இருக்கிறதாமே. அது ஆபாசம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் பாதிக் கேள்வியை விழுங்கிவிட்டாள். விழுங்க வேண்டியதில்லை.

அவளை லஜ்ஜா கௌரி என்கிறார்கள். நாணமுள்ள கௌரி என்று பொருள். பிற்காலத்தார் கூச்சத்தில் இட்ட பேர் இது என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்த உருவத்தில் நாணம் துளியும் இல்லை. கழுத்துக்கு மேல் மலர்ந்த தாமரை, கைகளிலும் தாமரை, கால்கள் பிரசவத்தில் போல மடங்கி விரிந்திருக்கும். தக்காணத்தில், குறிப்பாக ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகப் பகுதிகளில் இவை அதிகம். துங்கபத்திரைக் கரையில் ஆலம்பூரில் இருப்பது சாளுக்கியர் காலத்து அழகான சிற்பம். எல்லம்மா, ரேணுகை என்றும் சில ஊர்களில் இவளைக் கும்பிட்டிருக்கிறார்கள். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், கால் விரித்தவளிடமிருந்து பூமி பிறந்தது என்று ஒரு பாட்டு வருகிறது. அந்தப் பாட்டையும் இந்தச் சிலையையும் சேர்த்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு.

நாகார்ஜுனகொண்டாவில் கிடைத்த சிற்பத்தை இட்சுவாகு அரசி ஒருத்தி செய்வித்தாள். கந்துவுலா என்று பேர். கல்லில் பிராகிருத எழுத்து: கணவனை இழக்காதவள், உயிரோடிருக்கும் மகனை உடையவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். அரண்மனைப் பெண் தன் பேரையே வெட்டி வைத்த கல் அது. கூச்சப்படும் பொருளில் யாராவது பேர் போடுவார்களா?

என் மனதில் நெடுநாளாக இருக்கும் ஒரு யோசனையையும் சொல்லிவிடுகிறேன். ரேணுகை கதையில் மகன் தாயின் தலையை வெட்டுகிறான், தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் ஆகிறது. நம் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் பல இடங்களில் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். அங்கே வடக்கே தலையில்லாத உடல், இங்கே உடலில்லாத தலை. இரண்டுக்கும் வரலாற்றில் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எபேசஸ் நகரத்துப் பழைய கிரேக்கத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் மார்பில் அடுக்கடுக்காகத் தொங்குவது என்ன?

மார்பகங்கள் என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். காளையின் விதைப்பைகள் என்றும், கோத்து மாட்டிய காணிக்கைகள் என்றும் சொல்கிறவர்களும் உண்டு, முடிவு ஏற்படவில்லை.

அம்மனுக்குத் தீட்டு வருமா? அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் தள்ளிவைப்பு?

செங்கன்னூர் மகாதேவர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பகவதியின் உடையில் கறை கண்டால் நடையை அடைத்துத் தனியே இருத்துகிறார்கள். நான்காம் நாள் யானைமேல் பம்பை ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோய் நீராட்டி அழைத்து வருவார்கள். அதற்குத் திருப்பூத்து என்று பேர். பூத்தல்! எவ்வளவு நல்ல சொல். அஸ்ஸாமில் காமாக்யா கோயிலில் சிலையே இல்லை, ஊற்று கசியும் ஒரு பாறைப் பிளவுதான் தேவி. ஜூன் மாதம் மழை இறங்கும் நேரத்தில் மூன்று நாள் கோயிலை மூடி, பிறகு திறந்து சிவப்புத் துணியைப் பிரசாதமாகத் தருகிறார்கள்.

நம் மாவட்டத்திலேயே உச்சாரல் உண்டு. மலையாள மகர மாதக் கடைசியில், அதாவது நம் தை முடியும்போது, பூமிக்கு மாதவிலக்கு என்று மண்ணைக் கிளற மாட்டார்கள், நெல்லை வெளியே கொடுக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த நிலத்துக்கு ஓய்வு.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில் இது. பூமிக்கும் பகவதிக்கும் கொடுத்தது ஓய்வும் நீராட்டும் யானை ஊர்வலமும். வீட்டுப் பெண்ணுக்கு வந்து சேர்ந்தது திண்ணை மூலையும் தனித் தட்டும். ஒரே ரத்தத்தை இரண்டு விதமாகப் பார்த்தது தப்பு என்றே நான் வகுப்பிலும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

தரையில் வண்ணப் பொடியால் தெய்வ உருவம் வரையும் களமெழுத்தில் பகவதியின் மார்பை நெல்லால் செய்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நெல்லும் அரிசியும் குவித்து மார்பை எழுப்புவார்கள். மற்ற உடல் முழுக்கப் பொடி: அரிசிமாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு, இலைப்பொடி பச்சை. எல்லாம் வயலிலிருந்தும் வேலியிலிருந்தும் வருபவை. பத்ரகாளி கோபத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், மார்பில் மட்டும் சோறு. பாட்டு முடிந்ததும் களத்தை அழித்துப் பொடியை எல்லார் நெற்றியிலும் வைப்பார்கள்.

இங்கே கண்ணகியை நினைக்காமல் இருக்க முடியாது. கல்யாணத்தில் முளைக்குடங்கள் சூழ நின்றவள் மதுரையில் ஒரு மார்பைத் திருகி எறிகிறாள். பால் தர வேண்டிய இடத்திலிருந்து தீ வருகிறது. அதன் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்பு நோயும் வந்தது என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. அவளுக்கு விழா எடுத்த பிறகே மழை பெய்தது. பாபிலோனியத் தெய்வம் இஷ்தார் பாதாளத்துக்குப் போனதும் பூமியில் காளை பசுவை நாடவில்லை. கிரேக்கத்து விளைச்சல் தெய்வம் டிமீட்டர் மகளைத் தேடி அலைந்தபோது விதை முளைக்கவில்லை. அவர்கள் இருவரும் சொந்தக் காரணத்துக்காகப் போனவர்கள். நம்மவள் அரசன் செய்த அநீதிக்காக வளத்தை எடுத்துக்கொண்டு போனாள். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பெரியது. தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, சரியாக இரு மாநில எல்லையில், மங்கலதேவி கோட்டம் என்னும் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் ஏற விடுகிறார்கள். போனால் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.

புற்றைக் கும்பிடுவதும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். மண் தானாக வயிறு போல மேடிடுகிறது, உள்ளே இருட்டு, ஈரம், பாம்பு. கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் பகவதியே சுமார் 15 அடி உயரப் புற்றுதான், மேலே சந்தன முகம்.

மூதேவியும் வளமைத் தெய்வமா?

திட்டுச் சொல்லாக்கிவிட்டோம். அவள் பழைய பேர் தவ்வை, மூத்தவள் என்று பொருள். பல்லவர், பாண்டியர் காலத்தில் கோயிலுக்குள்ளேயே கல்லில் செதுக்கி வைத்தார்கள். பெருத்த வயிறு, சரிந்த மார்பு, ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறுபக்கம் மகள், காக்கைக் கொடி, துடைப்பம். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த நடுவயதுப் பெண்ணின் உடம்பு அது. "செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்" என்று குறளிலேயே (167) அவள் பொறாமைக்காரனுக்குக் கிடைக்கும் தண்டனையாகிவிட்டாள். இன்று ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடக்கிறாள். எங்காவது பார்த்தால் நிமிர்த்தி வையுங்கள்.

குழந்தையில்லாத பெண் முளைப்பாரி எடுக்கலாமா? எங்கள் ஊரில் கூடாது என்கிறார்கள்.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எடுக்கலாம்.

என் சித்திக்குப் பிள்ளை இல்லை. அம்மிச்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் விதை ஊறவைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்தது அவர்தான். அவர் கையில் முளைக்காத விதை கிடையாது. ஒரு வருஷம் கோயில் வாசலில் சட்டியைத் தலையில் தூக்கும் நேரத்தில், "நீ வேண்டாம், பிள்ளைக்காரி யாராவது எடுக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். சித்தி ஒன்றும் பேசாமல் சட்டியை என் அம்மா தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அங்கே நின்றேன், பதினாறு வயது, வாய் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். முளைக்க வைப்பவள் விதையைப் பெற்றவளாக இருக்க வேண்டியதில்லை. யாரை நோக்கிச் சட்டியைத் தூக்குகிறோமோ அந்த மாரியம்மன் மடியிலும் குழந்தை இல்லை. பிள்ளை இல்லாதவள், புருஷனை இழந்தவள், கல்யாணமே செய்யாதவள் யாராக இருந்தாலும் எட்டு நாள் ஈரச்சேலையோடு தண்ணீர் தெளித்திருந்தால் சட்டி அவளுடையது.

சித்திக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன பூச்சாட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் அவர் வீட்டு இருட்டறையில்தான் சட்டிகளை வைத்தார்கள். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்து முதல் சட்டியை அவர் தலையில் ஏற்றினோம். கழுத்து தாங்காது என்று இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். கோயில் வரை நடந்தார்.